பனைமலையின் பெயரறியா ஓவியன்

செஞ்சி வட்டாரத்தின் வரலாறு இராசகிரிக் கோட்டை, நாயக்கர் ஆட்சி, 1714இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்குராசன் என்ற அளவிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளதால், அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதன் தெற்கிலுள்ள குன்றுகளில் பல்லவர் வளர்த்த ஓவியக்கலை உரிய கவனத்தைப் பெறவில்லை. அக்கலையின் மிகச் சிறந்த எச்சம் பனைமலைத் தாலகிரீசுவரர் கோயிலில் உள்ளது. அதைத் தீட்டியவனின் பெயர் தெரியாதபோதும், தமிழகத்து ஓவியர் வரிசையில் முதலிடம் பெறத் தக்கவன் அவனே.

இம்மண்ணில் ஓவியத்துக்கு அரசமதிப்பு வந்தது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனால். அம்மன்னன் தன் விருதுப்பெயர்களுள் ஒன்றாகச் 'சித்திரகாரப்புலி', அதாவது ஓவியருள் புலி, என்பதைக் கல்லில் பொறித்துக்கொண்டான். மாமண்டூர்க் கல்வெட்டின் சிதைந்த பகுதியொன்று ஓவிய இலக்கண நூலுடன் அவனைத் தொடர்புபடுத்துவதாக அறிஞர் கருதுவர். செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழிக்கு அண்மையிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாக 'விசித்திரசித்தன்' என்னும் பெயரில் அவன் அறிவித்த கல்வெட்டு இன்றும் நிற்கிறது. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. கட்டடத்துக்கு வேண்டாமென அவன் விலக்கிய அப்பொருளின்றிச் சுவரோவியம் இல்லை. கல்லின் சொரசொரப்பை மறைத்து நிறத்தைப் பற்றிக்கொள்வது அதன் மெல்லிய பூச்சே. புலியெனப் பெயர்கொண்ட அம்மன்னனின் கைவண்ணம் என்று உறுதியாகச் சுட்ட ஓர் ஓவியமும் எஞ்சவில்லை. அவனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்ட பெயரற்ற ஒருவனின் கோடுகளோ எஞ்சின.

பனைமலைக் கோயிலை எடுப்பித்தவன், காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலையும் கட்டிய இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பல்லவர் குலப்பெருமையையும் அரசனின் புகழையும் பாடுகிறதேயன்றி, கல்தச்சரையும் ஓவியரையும் பேசவில்லை. கருவறை விமானத்தை ஒட்டிப் பக்கங்களில் அமைந்த சிறு கோட்டங்களுள் வடபுறத்துக் கோட்டத்தின் சுவரில் அந்த ஓவியம் உள்ளது. புதுச்சேரியில் வாழ்ந்து பல்லவர் கலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அதனை உலகறியச் செய்தார்.

குடைநிழலில், மகுடம் தரித்து, உமையம்மை நிற்கிறாள். ஒரு காலை ஊன்றி மறுகாலை மடித்துத் தலையைச் சற்றே சாய்த்த அந்நிலையைச் சிற்பநூலார் திரிபங்கம், அதாவது உடல் மூன்றிடங்களில் வளையும் நிலை, என்பர். அவள் காண்பது சிவனின் ஆடலை. பல கரங்கள் கொண்ட ஆடுவோனின் உருவம் பெரும்பகுதி உதிர்ந்து சில கோடுகளாகவே எஞ்சியிருப்பதால், ஆடலின் விசையை இன்று அறிவிப்பது காண்பவளின் உடலே. மடிந்த முழங்காலிலும் சாய்ந்த கழுத்திலும் தாளம் ஏறியிருக்கிறது. ஓடுகின்ற கால்களைத் தீட்டுவதைவிட, நின்றபடியே ஆடலுக்குள் ஈர்க்கப்பட்ட ஒருத்தியைத் தீட்டுவது அரிது. நிழலும் ஒளியும் காட்டி உருவத்தைத் திரட்டும் முறையை மிகுதியாக நாடாமல், உடலின் பருமனை எல்லைக்கோட்டின் வளைவாலேயே உணர்த்தியதில் இவ்வோவியனின் முதிர்ச்சி தெரிகிறது. முகத்தில் அச்சமோ வியப்போ மிகையாக இல்லை. தன் கணவனின் ஆற்றலை முன்பே அறிந்தவளின் அமைதி உண்டு.

இவனுக்கு முன்னோர் வேறிடங்களிலும் இருந்தனர். 5ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சிகிரியாவில் தீட்டப்பட்ட மகளிர் முகில்களிலிருந்து எழுவோராக இடைவரை மட்டுமே காட்டப்பட்டுள்ளனர். அவர்களின் எழிலுக்குக் குறைவில்லை. ஆனால் நிலத்தில் ஊன்றிய ஒற்றைப் பாதம் ஓருடலின் முழு எடையையும் தாங்குவதைக் காட்டும் பணியை அவ்வோவியர் ஏற்க நேரவில்லை. பனைமலையான் அதை ஏற்று வென்றான்.

செஞ்சி நாயக்கர் காலத்தில் இப்பகுதியின் ஓவியம் வேறு வழியில் சென்றது. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலின் விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், இராமாயணக் காட்சிகள் தெலுங்குக் குறிப்புகளுடன் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டன. கதையைத் தொடர்ந்து சொல்வதே அம்முறையின் நோக்கமாதலால் உருவங்கள் சிறுத்தன, கூட்டம் பெருகியது, அணிகலன்களும் ஆடை வேலைப்பாடுகளும் முன்னுக்கு வந்தன. அம்முறைக்கும் தனிச் சிறப்பு உண்டு. எனினும் ஓருருவத்தின் நிற்பில் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் அடக்கும் துணிவு அதில் காணப்படவில்லை.