நிலவில் இந்தியக் கலங்கள்: பொருளும் தடமும்

இந்தியாவில் செய்த பொருள் ஒன்று நிலவின் தரையை முதன்முதலில் தொட்டது 2008 நவம்பர் 14 அன்று. சந்திரயான்-1இலிருந்து பிரிந்த மோதுகலம் 100 கி.மீ. உயரத்தைச் சுமார் 25 நிமிடங்களில் கடந்து, தென்முனையை ஒட்டிய ஷேக்கிள்டன் பள்ளத்தின் அருகே மோதி நொறுங்கியது. பக்கங்களில் மூவர்ணக் கொடி தீட்டிய அந்தக் கலத்தை உருவாக்கியது திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அந்நகரின் வடக்குக் கடலோரத்தில், தும்பாவில் அமைந்தது இம்மையம்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலமான விக்ரம் தரையிறங்கும்போது மோதிச் சிதறியது. நாசாவின் படங்களைத் துருவிப் பார்த்து முதல் துண்டைக் காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். மோதிய இடத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் தள்ளி அது கிடந்தது. மற்றச் சிதறல்கள் சில கிலோமீட்டர் பரப்பில் பரவியிருந்தன. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் பத்திரமாக இறங்கியது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் ஓடியது. இரவுக்குப் பின் இரண்டும் விழிக்கவில்லை. நின்ற இடத்திலேயே இருக்கின்றன.

இவை யாருடையவை என்பதில் ஐயமில்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த நாட்டின் அதிகாரம் கலத்தின் மீது தொடர்கிறது. ஆனால் 2ஆம் பிரிவு, நிலவின் எப்பகுதியையும் எந்நாடும் சொந்தம் கொண்டாடுவதைத் தடுக்கிறது. ஆகவே கலத்துக்குக் காப்பு உண்டு. அது கிடக்கும் மண்ணுக்கு இல்லை. பூமியில் உள்ள சின்னங்களைத் தொல்லியல் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1958ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் சட்டம் நினைவுச்சின்னம் என்ற சொல்லுக்குள்ளேயே அது நிற்கும் இடத்தையும், வேலியிடத் தேவையான அடுத்த நிலத்தையும் சேர்த்துவிடுகிறது.

நிலவில் இந்தப் பிரிப்பு பெரும் இழப்பாகும். பிரக்யானின் பின்சக்கரங்களில் அசோகச் சிங்கமும் இஸ்ரோ சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தன. அவை மண்ணில் தெளிவாகப் பதியவில்லை என்பதே அம்மண்ணின் தன்மைக்குச் சான்று. விக்ரம் இறங்கியபோது சுமார் 2.06 டன் மேல்மண் 108.4 சதுர மீட்டரில் பெயர்ந்து பரவியதாக இஸ்ரோ கணித்தது. 2019இன் சிதறல்களோ, எது எங்கே விழுந்தது என்ற அமைப்பினால்தான் மோதலின் கதையைச் சொல்கின்றன. துண்டுகளைப் பொறுக்கி அருங்காட்சியகத்தில் வைத்தால் உலோகம் மிஞ்சும், கதை போய்விடும்.

காற்றும் மழையும் இல்லாத நிலவில் தடங்களுக்கு உடனடி ஆபத்து இன்னொரு கலத்தின் வருகையே. 1969 நவம்பரில் அப்போலோ 12, முன்பே அங்கு இறங்கியிருந்த சர்வேயர் 3 கலத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவில் இறங்கியது. வீரர்கள் அக்கலத்திலிருந்து கழற்றி வந்த பாகங்களில், இறங்கு இயந்திரம் கிளப்பிய தூசி மணல் தேய்த்தாற்போல் உராய்ந்த அடையாளங்கள் இருந்தன. அப்போலோ இடங்கள் தாழ்ந்த அகலாங்குகளில் உள்ளவை. இந்தியாவின் மூன்று இடங்களும் தென்பாதியின் உயர் அகலாங்கில் உள்ளன. பனிநீரைத் தேடி வருங்காலக் கலங்கள் குறிவைப்பதும் தென்முனைப் பகுதியைத்தான்.

இடத்தைக் காப்பது மறைமுக நில உரிமையாகிவிடும் என்பது வலுவான மறுப்பு. விட்டுச்சென்ற எல்லாப் பொருளும் காக்கத் தக்கதல்ல என்பதும் உண்மையே. சான்று மதிப்புள்ள இடத்துக்கு மட்டும், தூசி பறக்கும் தொலைவைக் கணக்கிட்டு எல்லை வகுத்து, அளவுகளை எல்லா நாடுகளுக்கும் வெளியிட்டால் முதல் மறுப்பு வலுவிழக்கும். 2023 ஜூனில் இந்தியா ஒப்பமிட்ட ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தம் விண்வெளி மரபுச் சின்னங்களைக் காக்கும் எண்ணத்தைக் கூறினாலும், சட்டமாகக் கட்டுப்படுத்தாது. எல்லை வகுக்கத் தேவையான நிலைக்குறி ஏற்கெனவே அங்கே இருக்கிறது: விக்ரமின் மேல் பொருத்திய நாசாவின் சிறு எதிரொளிப்பான், 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ கலம் அனுப்பிய லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பியது.