கணிப்பொறி முதுநிலைக் கல்வி: கான்பூரில் தொடங்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்தால் என்னைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோர் இரண்டு வகை. "பையன் பி.டெக். முடிச்சுட்டான், வேலையும் கிடைச்சாச்சு. இனிமே எம்.டெக். எதுக்கு சார்? ரெண்டு வருஷச் சம்பளம் போயிடுமே!" என்பவர்கள் ஒரு வகை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கல, இன்ஃபர்மேஷன் டெக்னாலஜிதான் கிடைச்சிருக்கு. சேர்க்கலாமா, வேண்டாமா?" என்று கவலையோடு கேட்பவர்கள் இன்னொரு வகை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறிப் பாடம் நடத்தியவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறார்கள். நானும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அப்படிச் சொன்னவற்றில் ஒன்று பெரும் தவறாகப் போய்விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். அந்த வரலாறு எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன்.

இயந்திரம் முதலில், படிப்பு பிறகு

இந்தியாவுக்குக் கணிப்பொறி வந்தபோது அதைக் கற்பிக்கும் பட்டம் எதுவும் இங்கே இல்லை. 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற இயந்திரம் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு குழு, வெளியிலிருந்து வாங்காமல் சொந்தமாகவே ஒரு கணிப்பொறியைக் கட்டிக்கொண்டிருந்தது. முன்மாதிரி 1956-ல் ஓடியது. முழு இயந்திரம் 1960-ல் பயன்பாட்டுக்கு வந்தது. டிஃப்ராக் என்று அதற்குப் பின்னர் பெயர் வைத்தார்கள்.

அந்த முயற்சியில் முன்னின்றவர் ஆர். நரசிம்மன். சென்னைக்காரர். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1954-ல் பம்பாய் வந்தவர். கணிப்பொறியில் அவருக்குப் பட்டம் கிடையாது. அவர் குழுவில் இருந்தவர்களுக்கும் கிடையாது. இருக்கவும் முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணிப்பொறியில் டிப்ளமா தொடங்கியதே 1953-ல்தான். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலுக்கென்று முதல் தனித்துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962-ல்தான் வந்தது. ஆக, உலகம் முழுவதுமே மின்பொறியாளர்களும் கணிதக்காரர்களும் இயற்பியல்காரர்களும் சேர்ந்து, செய்து செய்து கற்றுக்கொண்ட காலம் அது.

கல்யாண்பூரில் ஒரு சின்ன இயந்திரம்

கான்பூர் ஐ.ஐ.டி. 1960-ல் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. நகரத்துக்குள் இருந்த ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்ப நிலையத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. இயக்குநர் பி.கே. கேல்கர். 1962-ல் எம்.ஐ.டி., பெர்க்லி, பிரின்ஸ்டன், பர்டியூ முதலான ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் சேர்ந்த கூட்டுத் திட்டம் ஒன்று கான்பூருக்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகள் நீடித்த அந்தத் திட்டத்தின் வழியாக 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி வந்தது. கூடவே பெர்க்லியிலிருந்து ஹாரி ஹஸ்கி என்ற அனுபவசாலியும் வந்தார்.

இந்த 1620 ஒரு வேடிக்கையான இயந்திரம். அந்த ரகத்தின் முதல் பதிப்பில் கூட்டுவதற்கென்று தனி மின்சுற்று கிடையாது. நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தது போலக் கூட்டல் வாய்பாட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் விடை சொல்லும். நாம் எழுதும் நிரல் தவறிப்போய் அந்த வாய்பாட்டின் மேல் எதையாவது எழுதிவிட்டால், அப்புறம் ரெண்டும் ரெண்டும் நாலு என்று வராது! இதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்? இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதன் முன்னால் உட்கார முடியாது.

அதைவிட முக்கியம், அந்த இயந்திரத்தைக் கண்ணாடி அறையில் பூட்டி வைக்கவில்லை என்பது. பல இடங்களில் கணிப்பொறி என்றால் ஆபரேட்டர் மட்டும் தொடுகிற சாமான். மற்றவர்கள் துளையிட்ட அட்டைகளை ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு மறுநாள் வந்து நிற்க வேண்டும். கான்பூரில் மாணவர்களே உட்கார்ந்து இயக்கினார்கள். நாட்டின் பல ஆய்வுக்கூடங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் வரவழைத்துப் பத்து நாள் வகுப்புகள் நடத்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணிப்பொறியைப் பார்த்தவர்கள். ஊர் திரும்பியபின் தங்கள் இடங்களில் இந்தக் கல்வியைப் பரப்பியவர்கள் அவர்களே.

தில்லியில் படித்த ஈரோட்டுக்காரர்

அந்த வகுப்புகளுக்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு எங்கே தெரியுமா? தில்லியில், மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் பள்ளியில். ஆமாம், இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் என்று நாம் சொல்லும் அதே குடும்பத்துப் பள்ளிதான். நம் பிள்ளைகள் படித்த, படிக்கிற இடம். பிறகு செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1952-ல் இயற்பியல் ஆனர்ஸ். அடுத்துப் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில், ஓர் அனலாக் கணிப்பொறிக்கான பகுதிகளைத் தானே வடிவமைத்துக் கட்டினார். எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம், 1961-ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1963-ல் கான்பூர்.

1965-ல் அங்கே மின்பொறியியல் துறையின் கீழ், கணிப்பொறி அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.டெக். படிப்பு தொடங்கியது. இந்தியாவில் இதுதான் முதல். இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கணிப்பொறியில் இளநிலைப் பட்டம் என்ற ஒன்றே நாட்டில் இல்லாத நேரத்தில் முதுநிலைப் பட்டம் வந்துவிட்டது. அதாவது, வேறு எதையோ படித்து வந்தவர்களுக்காகவே அது உண்டாக்கப்பட்டது. மொட்டைமாடியைக் கட்டிவிட்டுக் கீழ்த்தளத்தைக் கட்டியது போலத் தோன்றும். ஆனால் முதலில் ஆசிரியர்கள் வேண்டும், அப்புறம்தானே மாணவர்கள்? 1971-ல் எம்.டெக்., பிஎச்.டி. இரண்டும் கொண்ட தனிப் பாடத்திட்டமாக அது வளர்ந்தது. பி.டெக். அதற்கும் பிந்தித்தான் வந்தது.

1966-ல் ஐ.பி.எம். 7044 என்ற பெரிய இயந்திரம் கான்பூர் வந்தது. ராஜாராமன் வகுப்பறைக்காகத் தயாரித்த பாடங்களிலிருந்து உருவான நிரலாக்கப் புத்தகம் 1969-ல் வெளியாயிற்று. வெளிநாட்டுப் புத்தகம் வாங்க வழியில்லாத மாணவர் தலைமுறைகள் அவருடைய மலிவுவிலைப் புத்தகங்களை வைத்துத்தான் ஃபோர்ட்ரான் கற்றன. 1969-ல் அதே கான்பூரில் எம்.டெக். முடித்து வெளியேறிய ஒருவர் என்.ஆர். நாராயண மூர்த்தி. பின்னாளில் இன்ஃபோசிஸ் பிறந்த கதை உங்களுக்கே தெரியும். கான்பூரில் ராஜாராமனோடு பணியாற்றிய எச்.என். மகாபலா 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போய் அங்கே கணிப்பொறிக் கல்வியை வளர்த்தார். கல்யாண்பூரில் ஏற்றிய விளக்கு இப்படித்தான் தெற்கே போயிற்று.

நான் போனபோது

1981-ல் மின்பொறியியல் பட்டத்தோடு நான் கான்பூர் போய் இறங்கினேன். ஜூலை மாதம். ஸ்டேஷனிலிருந்து கல்யாண்பூர் வரை டெம்போவில் ஜி.டி. ரோட்டுப் புழுதி முழுவதும் என் சட்டையில். 1620-ன் காலமெல்லாம் முடிந்து டெக்-1090 இயந்திரத்தின் முனையங்களுக்காக நள்ளிரவில் வரிசையில் நிற்கும் காலம் அது. எங்கள் வகுப்பில் பி.டெக். கணிப்பொறி படித்து வந்தவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் மின்னணுவியல், இயந்திரவியல், எம்.எஸ்ஸி. கணிதம். முதல் செமஸ்டரில் கணிதக்காரர்கள் எங்களைத் திணற அடித்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எம்.டெக். என்றால் பாடம் மட்டும் இல்லை. யாரும் விடை சொல்லாத ஒரு சின்னக் கேள்வியையாவது எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அதுதான் ஆய்வேடு. இந்த மாதிரி ஆய்வுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். தேவநாகரி எழுத்தை இயந்திரம் அடையாளம் காண்பது பற்றி 1970-களிலேயே கான்பூரில் ஆர்.எம்.கே. சின்ஹா ஆராய்ந்தார். அங்கு தொடங்கிய இந்திய மொழி முனைய வேலை ஜிஸ்ட் என்ற தொழில்நுட்பமாகிப் புனேயின் சி-டாக் நிறுவனத்துக்குப் போனது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே குறியீட்டு முறை என்று இஸ்கி தரம் உருவாகி, 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஏற்பும் பெற்றது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் இன்று உட்கார்ந்திருக்கும் வரிசை, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியதே. அது தமிழுக்குப் பொருந்துமா என்ற சண்டை தனி. ஆனால் பேரனுக்கு நாம் தமிழில் அனுப்பும் வாழ்த்துச் செய்திக்குப் பின்னால் சில முதுநிலை மாணவர்களின் தூக்கம் கெட்ட இரவுகளும் இருக்கின்றன.

எம்.சி.ஏ. என்னும் திறந்த கதவு

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. நம் ஆட்களே இயந்திரங்களைப் பராமரிக்கவும் மென்பொருள் எழுதவும் வேண்டிய நிலை. பொறியாளர்களை மட்டும் நம்பினால் போதாது என்று தெரிந்தது. மின்னணு ஆணையம் அமைத்த மனிதவளக் குழுவுக்கு ராஜாராமன்தான் தலைவர். பட்டப்படிப்பில் கணிதம் படித்த எவரும் மூன்று ஆண்டுகளில் கணிப்பொறி வல்லுநராகலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது எம்.சி.ஏ. 1980-களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்ஸி. படித்துவிட்டுக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது திறந்த கதவு. 2020-21 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு டோயாக் நிறுவனத்தின் 'பி' நிலை, 'சி' நிலைத் தேர்வுகளும் வந்தன.

இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி என்ற பெயர் பெரிதாக எழுந்தது 1990-களின் கடைசியில். 1998-ல் பிரதமர் அமைத்த தேசியப் பணிக்குழு, அதே ஆண்டு ஹைதராபாத்திலும் 1999-ல் பெங்களூர், அலகாபாத் நகரங்களிலும் வந்த ஐ.ஐ.ஐ.டி.கள் என்று எங்கும் ஐ.டி. மயம். பெங்களூர் நிறுவனத்தின் முதல் இயக்குநர் எஸ். சடகோபனும் முன்பு கான்பூரில் பாடம் நடத்தியவர்தான். பெயர் மாறியதே தவிர, தரவுக் கட்டமைப்பும் இயக்கு தளமும் தரவுத்தளமும் இரண்டு படிப்புக்கும் பொது. கேட் தேர்வில் இன்று இரண்டுக்கும் ஒரே வினாத்தாள். அதன் பெயரே கணிப்பொறி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும் என்பதுதான். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். யார் கற்பிக்கிறார்கள், ஆய்வேட்டை உண்மையாகச் செய்ய வைக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நான் சொன்ன தவறான யோசனை

1991-ல் எங்கள் சர்க்கார் குடியிருப்பில் மேல்மாடியில் ஒரு குடும்பம். அவர்கள் பையன் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, எம்.சி.ஏ. நுழைவுத்தேர்வு எழுதி, நேர்முகத் தேர்வுக்குக் கடிதமும் வந்துவிட்டது. "மாமா, போகலாமா?" என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. நான் கொஞ்சம் கர்வத்தோடு, "நீ வெறும் பி.எஸ்ஸி.தானே? இன்ஜினியர் பசங்களோட உன்னால போட்டி போட முடியாது. மூணு வருஷத்தை வீணாக்காம ஸ்டாஃப் செலக்‌ஷன் எழுது" என்றேன். பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டான். எழுதினான், வேலையும் கிடைத்தது. இன்று செக்‌ஷன் ஆபீசர், நன்றாகத்தான் இருக்கிறான்.

ராஜாராமன் வாழ்க்கை வரலாற்றைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம் தில்லிப் பள்ளியில் படித்து, நம் தில்லியிலேயே பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த ஒருவர்தான் இந்தப் படிப்பையே இந்நாட்டில் உண்டாக்கியிருக்கிறார். அவர் யாருக்காகக் கதவைத் திறந்தாரோ, அந்தப் பையனைத்தான் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன வருஷம் பொங்கல் விழாவுக்கு அவன் தன் மகளை அழைத்து வந்தான். பி.எஸ்ஸி. கணிதம், கடைசி வருஷம். "மாமா, இவளுக்காவது என்ன படிக்கலாம்னு சொல்லுங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் பெண், "தாத்தா, நான் இன்ஜினியர் இல்லையே?" என்று தயங்கினாள். "இதை ஆரம்பிச்சவங்கள்ல யாரும்மா கம்ப்யூட்டர் இன்ஜினியர்?" என்று கேட்டுவிட்டு, இந்தக் கதையை அவளுக்கு முழுவதும் சொன்னேன். எம்.சி.ஏ.வுக்கு எந்தத் தேர்வு, எம்.எஸ்ஸி. முடித்தால் கேட் எழுதி எந்தெந்த எம்.டெக். படிப்புகளில் சேரலாம், அதில் உதவித்தொகை எப்படிக் கிடைக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முடிவு அவளுடையது என்றும் சொன்னேன்.

அவன் பேசாமல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது, "இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

அந்த வாக்கியம் இன்னொரு வீட்டில் கேட்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.