கிறித்தவத் தமிழ் வழிபாட்டில் ஆசி: கோப்பெங் வட்டாரத் தோட்டச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

கிறித்தவ வழிபாடு பெரும்பாலும் ஆசியுடன் நிறைவுறுகின்றது. அவ்வாசி ஓரிரு வாக்கியங்களே ஆயினும், அதனை யார் கூறலாம், எவரை நோக்கிக் கூறலாம் என்பதில் திருச்சபைகள் மிகுந்த கவனம் செலுத்தி வந்துள்ளன. இவ்வரையறை தமிழின் இடப்பெயர்களில் வெளிப்படுமாற்றையும், கோப்பெங் போன்ற ஊர்களின் தோட்டச் சூழலில் அது பெற்ற பொருளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லும் பொருளும்

ஆசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'யூலோகியா', இலத்தீன் சொல்லான 'பெனெடிக்சியோ' ஆகிய இரண்டும் 'நற்சொல்' என்னும் அடிப்படைப் பொருளுடையன. எபிரேயத்தில் 'பாரக்' என்னும் ஒரே வினை, கடவுள் மனிதருக்கு ஆசி வழங்குவதையும் மனிதர் கடவுளைப் போற்றுவதையும் குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விரண்டையும் பிரித்தனர். முன்னதற்கு 'ஆசீர்வாதம்', 'ஆசி' என்பனவும், பின்னதற்கு 'ஸ்தோத்திரம்', 'போற்றுதல்' என்பனவும் வழங்கலாயின. கத்தோலிக்கரிடையே வீடு, நீர் முதலியவற்றிற்கு ஆசி வழங்குவதை 'மந்திரித்தல்' என்று கூறும் வழக்கும் உண்டு.

இவற்றுக்கு முற்பட்ட தமிழ் மரபொன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் புறநிலை வாழ்த்தில், வாழ்த்துபவர் தாமே நலம் அருள்வதில்லை; கேட்போர் வழிபடும் தெய்வம் அவரைக் காக்க, அவர் வழிவழியாகச் சிறந்து வாழ்க என்கிறார். எண்ணிக்கை நூலின் 6ஆம் அதிகாரத்திலுள்ள ஆரோனின் ஆசியும் இத்தகையதே. குரு மொழிகிறார், ஆசி அருள்பவர் கடவுளே என்று அப்பகுதியின் இறுதி வசனம் தெளிவுறுத்துகின்றது. இவ்விரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது இதன் கருத்தன்று. அமைப்பொற்றுமையே இங்குச் சுட்டப்படுகின்றது.

வழிபாட்டு வழக்கு

மார்ட்டின் லூதர் 1526இல் வெளியிட்ட செருமானிய வழிபாட்டு முறையில் ஆரோனின் ஆசியை நிறைவுரையாக அமைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணி, அவ்வழிபாட்டு மரபைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில், 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டிற்கு வழிவகுத்தது. அதன்பின் ஆசியுரையையும் மக்கள் தமிழிலேயே கேட்டனர்.

குருத்துவ அருட்பொழிவு பெற்றவர் மக்களை நோக்கி 'உங்களுக்கு' என முன்னிலையில் ஆசி கூறுவார். பொதுநிலையினர் வழிபாட்டை நடத்துமிடத்து 'நமக்கு' என்று கூறித் தம்மையும் ஆசி பெறுவோருள் ஒருவராக்கிக் கொள்வர். ஆங்கில மொழியில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் தன்மைப் பன்மை, தமிழில் இரண்டாகப் பிரிகின்றது. 'எங்களுக்கு' என்றால் அது கடவுளை நோக்கிய மன்றாட்டு. 'நமக்கு' என்றால் கேட்போரையும் உளப்படுத்திய வாழ்த்து. மன்றாட்டுக்கும் ஆசிக்கும் இடைப்பட்ட எல்லையைத் தமிழ் இலக்கணமே இவ்வாறு வரைந்து காட்டுகின்றது.

கோப்பெங் சூழல்

ஈப்போவுக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த கோப்பெங், 19ஆம் நூற்றாண்டில் ஈயத் தொழிலால் வளர்ந்த ஊர். 2009 முதல் கம்பார் மாவட்டத்தைச் சார்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்ப் பயிர் பரவியபோது இவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பெருகினர். அவர்களுள் கிறித்தவர் சிறுபான்மையினர். தோட்டந்தோறும் குருவை அமர்த்துதல் இயலாதாகையால், இடைப்பட்ட நாள்களில் உபதேசியாரும் குடும்பத்து மூத்தோருமே செபத்தை முன்னின்று நடத்துவது தோட்டங்களின் பொது நிலையாயிற்று. அத்தகைய குடும்பங்களுக்கு 'நமக்கு' என்பதே வாரந்தோறும் கேட்கும் ஆசி. 'உங்களுக்கு' என்பதோ குரு வரும் நாளுக்குரியது.

இதனைக் குறைபாடாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து பெற்றோர் ஆசி கூறுவது கத்தோலிக்க இல்லங்களின் நெடுநாள் வழக்கம். 1984இல் உரோமையில் வெளியான ஆசியுரை நூலும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆசி வழங்குவதற்கு முறை வகுத்துள்ளது. தோட்டத்து மூத்தோர் செய்துவந்த செயல் திருச்சபையின் ஏட்டிலும் இடம்பெற்றதை இது காட்டுகின்றது.

முடிவுரை

1950களின் பிற்பகுதி தொடங்கி நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், அதன்பின் நேர்ந்த நகர்ப்புறக் குடிபெயர்வும் தோட்டச் செபக்கூட்டங்களைக் கலைத்தன. நகர ஆலயங்களில் குருவின் ஆசி வாரந்தோறும் கிட்டுகின்றது. ஆயினும் 'நமக்கு' என்று கூறி நின்ற முதியோரின் வழிபாட்டு மொழி பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. அதனை நினைவிற் கொண்டோர் இருக்கும்போதே தொகுத்தல், மலேசியத் தமிழாய்வின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.