மண்ணை எடை போட்டவங்க

ஒரு கன அடி நல்ல மண்ணு எத்தனை கிலோ இருக்கும்னு யாராவது கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நாம ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்கணும். எவ்வளவு ஈரம்? எவ்வளவு இறுக்கம்? பொலபொலன்னு காய்ஞ்ச புழுதின்னா சுமார் 34 கிலோ. அதே புழுதியில நூத்துக்கு இருபது பங்கு ஈரம் ஏறினா 41 கிலோ. அதே மண்ணை அதே ஈரத்தோட நல்லா திமிசு போட்டு இறுக்கி அடைச்சா 54 கிலோ வரைக்கும் போகும். பெட்டி ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் கணக்குல பார்த்தா, 3.4 டன்னுக்கும் 5.4 டன்னுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கணக்கை நம்ம ஆளுங்க எப்பவோ தொட்டுட்டாங்க. திருக்குறள்ல உழவு அதிகாரத்துல 1037-ஆவது குறள் மண்ணோட எடையைத்தான் பேசுது. ஒரு பலம் புழுதி கால் பலமா ஆகுற அளவுக்கு உழுது காயவிட்டா, ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும்னு சொல்றார் வள்ளுவர். கால் பலத்துக்கு அவர் சொல்ற பேரு கஃசு.

தராசுல வச்சுப் பார்த்தா இது ஒத்து வராது. உழவுக்கு ஆகுற ஈரத்துல இருக்குற கரிசல் மண்ணை எடுத்துக் காயவச்சா, ஒரு பலத்துல சுமார் கால் பலம் குறையும். முக்கால் பலம் மிஞ்சும். கால் பலம்தான் மிஞ்சணும்னா மண்ணைப் போல மூணு மடங்கு தண்ணி அதுல இருந்திருக்கணும். அது மண்ணு இல்ல, கூழு. அதனால 'நல்லா காயவிடு'ங்கிறதை அழுத்திச் சொல்லத்தான் வள்ளுவர் கஃசை எடுத்தார்னு நான் எடுத்துக்கிறேன். சொன்ன விஷயம் மட்டும் பொய்யில்ல. 1958-ல கென்யாவுல வேலை பார்த்த பர்ச்ங்கிற விஞ்ஞானி ஒரு ஆய்வு வெளியிட்டார். காய்ஞ்ச மண்ணு மறுபடி நனையும்போது அதுல இருக்குற மக்கு வேகமா சிதைஞ்சு தழைச்சத்தை விடுதுன்னு அதுல காட்டினார். கோடை உழவோட பலன்ல ஒரு பங்கு இதுதான். ஆனா எருவே வேண்டாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. அடுத்த குறள்லயே உழவைவிட எருவிடுறது நல்லதுன்னு வருது.

காயவச்சு எடை போடுறதை ஐரோப்பாவுல ஒருத்தர் விடாப்பிடியா செஞ்சார். இப்போ பெல்ஜியம்னு சொல்ற நாட்டுக்காரர், வான் ஹெல்மாண்ட். 200 பவுண்டு மண்ணை அடுப்புல உலர்த்தி, தொட்டியில போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்னை நட்டார். அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணைத் திரும்பவும் உலர்த்தி நிறுத்தா, குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ்! அவர் இறந்த பிறகு 1648-ல வந்த புத்தகத்துல இது இருக்கு. மரம் முழுக்கத் தண்ணியாலதான் ஆனதுன்னு அவர் முடிவு கட்டினது தப்பு. காத்துல இருந்து மரம் எடுத்துக்குறது அவருக்குத் தெரியாது. ஆனா முதல்லயும் கடைசியிலயும் உலர்த்தி நிறுத்ததால்தான் அந்த 2 அவுன்ஸ் கண்ணுக்குப் பட்டது. ஈர மண்ணை நிறுத்திருந்தா அந்தக் கணக்கு தண்ணிக்குள்ள முழுகிப் போயிருக்கும்.

இறுக்கத்தை அளந்தவர் விவசாயி இல்ல, அணை கட்டின பொறியாளர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தண்ணீர்த் துறையில இருந்த ப்ராக்டர், 1933-ல தன் கட்டுரைகளை வெளியிட்டார். சின்ன உருளையில மண்ணைப் போட்டு, சம்மட்டியால ஒரே அளவா இடிச்சு, ஒவ்வொரு தடவையும் ஈரத்தை மட்டும் மாத்திப் பார்க்குறதுதான் அவர் முறை. காய்ஞ்ச மண்ணு முரண்டு பிடிக்கும், சரியா இறுகாது. ஈரம் ஏற ஏற மண்துகள் வழுக்கிக்கிட்டு நெருங்கி உட்காரும். ஒரு அளவைத் தாண்டினா, தண்ணியே இடத்தை அடைச்சுக்கிட்டு இறுக விடாது. நடுவுல ஒரு ஈரத்துலதான் மண்ணு முழுசா இறுகும். இன்னைக்கும் ரோடு, அணை, ஏரிக்கரை எல்லாத்துக்கும் இந்தச் சோதனைதான்.

நமக்கு வேண்டிய பாடம் இங்கதான் இருக்கு. ப்ராக்டர் கண்ட அந்த ஈரம், நாம 'பதம்'னு சொல்ற ஈரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. கையில உருண்டை பிடிச்சா நிக்கும், கீழ போட்டா உதிரும் — அந்தப் பதம். கொழு இறங்குறதுக்கு அது எவ்வளவு வாட்டமோ, பாரமான சக்கரம் மண்ணை நசுக்குறதுக்கும் அவ்வளவு வாட்டம். காளை மாடு மிதிச்ச காலத்துல இது பெரிய குத்தமில்ல. இப்போ எரு ஏத்தின டிராக்டர் டிப்பர், அறுவடை மிஷின் எல்லாம் டன் கணக்குல ஏறுது. மேல உழுதுட்டா பொலபொலன்னுதான் தெரியும். உழவுக்குக் கீழ ஒரு சாண்ல பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். அப்புறம் வேர் இறங்காது, மழைத்தண்ணியும் இறங்காது. சேத்து நெல்லுக்கு அந்த இறுக்கம் தண்ணியை நிறுத்தும், சரி. பின்னாடி போடுற உளுந்துக்கும் பருத்திக்கும் அதுதான் எமன்.

அதனால எருவு, வண்டல் எதுவானாலும் காடு காய்ஞ்சு கிடக்கும்போதே அடிச்சு முடிச்சுடுங்க. மழை பேஞ்சு பதம் வந்த அன்னைக்குப் பாரவண்டியை உள்ளே விடாதீங்க. உள்ளே போய்த்தான் ஆகணும்னா ஒரே தடத்துல போய் அதே தடத்துல வெளியே வரட்டும். ஏற்கெனவே இறுகிப்போன காட்டுக்கு உளிக்கலப்பை ஓட்டணும், அதுவும் அடிமண்ணு காய்ஞ்சு வெடிக்கிற நேரத்துல.

வண்டல் வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு. எடை போட்டு வாங்கினா, ஈர மண்ணுல தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுக்குறீங்க. யூனிட் கணக்குல வாங்கினா, பொலபொலன்னு கொட்டினது ஒரு மழைக்கு அமுங்கிடும். எந்தக் கணக்குல வாங்கினாலும், ஒரு கை அள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு விலை பேசுங்க.