மூன்று மாதம், இரண்டு வருடம்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது பழைய ரெக்கார்டு ரூம்தான்.

1980களில் நான் ஹவுஸ் சர்ஜன். டிஸ்சார்ஜ் ஆகிப் போன ஓர் அம்மாவின் கேஸ் ஷீட்டோடு ரெக்கார்டு ரூம் பெரியவர் வார்டுக்கே வந்துவிட்டார். "பிராங்கைட்டிஸ்னு மட்டும் எழுதியிருக்கீங்க தம்பி. புதுசா வந்ததா, நாள்பட்டதா?" எனக்குத் தெரியாது. அந்த அம்மா விறகடுப்பில் சமைப்பவர் என்பது தெரியும். இருமல் எத்தனை காலமாக என்று கேட்கவில்லை. பெரியவர் 490 என்று போட்டார். அதாவது, இன்னதென்று குறிப்பிடாத பிராங்கைட்டிஸ். நாள்பட்ட நோயாளிகள் கணக்கில் அந்த அம்மா இல்லாமல் போனார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம். ஒரு வார்த்தைக்கு இத்தனை பாடா? பிறகு லைப்ரரியில் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த வார்த்தைக்கு லண்டனே பட்ட பாடு.

லண்டன் மருத்துவர் சார்லஸ் பேடம் 1808-லேயே பிராங்கைட்டிஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் எவ்வளவு காலம் இருமினால் நாள்பட்டது? அதைச் சொல்ல ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1952 டிசம்பரில் கரிப்புகை கலந்த மூடுபனி ஐந்து நாள் லண்டனை மூடியது. அப்போதைய கணக்கிலேயே சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பலர் ஏற்கெனவே நெஞ்சுச் சளிக்காரர்கள். சரி, இந்த நோயை எண்ணலாம் என்றால் ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் டாக்டர் நாள்பட்ட பிராங்கைட்டிஸ் என்று எழுதும் அதே மாதிரி ஆளுக்கு அமெரிக்க டாக்டர் எம்ஃபிசிமா என்று எழுதினார்! 1958-ல் லண்டனில் சிபா அறக்கட்டளை கூட்டிய கூட்டம்தான் வரையறை வகுத்தது. வருடத்தில் மூன்று மாதமாவது, பெரும்பாலான நாட்களில் சளியோடு இருமல். அப்படி இரண்டு வருடமாவது. காசநோய் போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. மெஷின் வேண்டாம், வாயால் கேட்டால் போதும். (விழுங்கும் சளியும் கணக்குதான். நம் பெண்களிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.)

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஐசிடி-10 வந்தும் கதை மாறவில்லை. வெறும் பிராங்கைட்டிஸ் என்றால் ஜே40. நாள்பட்டது என்று மட்டும் எழுதினால் ஜே42. சளியின் தன்மையையும் எழுதினால் ஜே41. மூச்சுக்குழாய் அடைப்பும் சேர்ந்தால் ஜே44. அதற்கு ஸ்பைரோமெட்ரி வேண்டும். கோடிங் செய்பவர் யூகித்துப் போடக் கூடாது, நம்மிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்த மார்கழியில் அந்த அம்மா மறுபடி அட்மிட் ஆனார். இந்தத் தடவை கேட்டேன். "எங்க சின்னவன் பொறந்ததுலேர்ந்து வருஷா வருஷம் பனிக்காலம் பூரா இருக்குங்க" என்றார். சின்னவன் அரும்பு மீசையோடு கட்டில் பக்கத்தில் நின்றான்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதி, கேஸ் ஷீட்டை நானே ரெக்கார்டு ரூமுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் 491 என்று எழுதி, ஒரு புள்ளியும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சளி என்ன நிறம் தம்பி?"