கருங்காலியும் கலுமெதிரியவும்

கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் ஆகிய சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். இவை நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். பொருளின் பெயரும் அமைப்பும் கடல் கடந்து வந்தன. அதனைச் செய்தற்குரிய மரமோ இத்தீவின் காடுகளிலேயே நின்றது. செல்வர் தம் மாளிகையின் உள்ளறைகளுக்கு எம்மரத்தைத் தெரிந்தெடுத்தனர், ஏன் தெரிந்தெடுத்தனர் என்பதை ஆராயின், எமது காடுகளின் வரலாறும் அதனுள்ளே அடங்கியிருத்தலைக் காணலாம்.

ஒல்லாந்தர் 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். தம் நாட்டில் ஓக்கு மரத்தாற் செய்த தளபாடங்களிலும், தோலும் பட்டும் போர்த்த மெத்தை ஆசனங்களிலும் பழகியவர் அவர்கள். இங்கே மழைக்காலத்தில் மெத்தை பூஞ்சணம் பிடித்தது. மென்மரத்தைக் கறையான் தின்றது. ஆகவே தெரிவை முதலிற் செய்தவர் அழகை விரும்பிய கனவான் அல்லர். கறையானே என்று கூறினும் தவறாகாது! வைரம் பாய்ந்த கருங்காலியும் முதிரையும் விரும்பப்பட்டன. மெத்தையின் இடத்திற் காற்றுப் புகும் பிரம்புப் பின்னல் வந்தது. வட்ட இருக்கையும் ஆறு கால்களும் கொண்டு, ஒல்லாந்த நகரத்தலைவரின் பெயரால் வழங்கும் கதிரையை இன்றும் பழைய வீடுகளிற் காணலாம்.

முதிரையை எம்மவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வன்னிக் காட்டு முதிரையாற் செய்த கதவு யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பெருமை. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஆங்கிலேயர் இம்மரத்தாலேயே அமைத்த, 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவுப் பாலம் 1905 வரை நிலைத்து நின்றது. சீமாட்டிகளின் அலங்கார மேசைக்கு உதவிய மரமே வண்டிப் பாரத்தையும் தாங்கியது.

கருங்காலியின் இயல்பு வேறு. நீரிலிட்டால் அமிழ்ந்துவிடும், உளியின் கூரை மழுக்கும். பருத்த மரத்திலும் நடுவேயுள்ள வைரமே கறுப்பு; புறத்தே வெளிறிய மரம். பதினேழாம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரைத் தச்சர் இதிற் கடைந்த முறுக்குக் கால்களும், செதுக்கிய மலர்களும் கொண்ட கதிரைகள் பல இங்கிலாந்தை அடைந்தன. வந்த வழி அங்கே மறக்கப்பட்டது. ஹொரஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு 1763இல் அத்தகைய கதிரைகளை வாங்கி, அவை தம் நாட்டின் பண்டை டியூடர் மன்னர் காலத்தவை என்று நம்பித் தம் மாளிகையின் சிறந்த அறையொன்றில் இட்டார். கீழைத்தேயத் தச்சனின் உழைப்பு ஆங்கில மன்னர் மரபின் சின்னமாகிவிட்டது!

ஆயினும் பெருஞ் சோதனைக்கு உள்ளானது கலுமெதிரிய என்னும் மரமே. கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த இது, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராது, இலங்கையின் ஈரவலயக் காடுகளில் மாத்திரம் வளர்வது. கபில நிறத்தின்மேற் கரிய கோடுகள் ஓடும் அதன் வைரத்தில், எந்த இரு பலகையும் ஒன்றுபோல் இரா. கறையானுக்கு அஞ்சி மரந்தேர்ந்த காலம் போய், கோட்டின் அழகுக்காக மரந்தேரும் காலம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாளிகைகளில் இம்மரத்துக்குப் பெருமதிப்பு இருந்தது. கிடைத்ததைச் சிக்கனமாக்க, அதனை மெல்லிய ஏடுகளாக அறுத்து, மலிந்த மரத்தின்மேல் ஒட்டினர். மெதுவாக வளர்ந்து, காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரம் இவ்வளவு விருப்பத்துக்கு ஈடுகொடுக்குமா? 1845 முதல் இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியான தம் நூலில், இது அருகிவிட்ட மரமென்றே எழுதினார்.

அக்காலத்திற் காலித் துறைமுகத்துக் கப்பற் பயணிகளுக்கு அந்நகர்த் தச்சர் கருங்காலிப் பொருள்கள் செய்து விற்றனர். அவர்கள் செய்த வட்டமேசைகளின் முகத்தில், நட்சத்திர வடிவிற் பல்வேறு மரத்துண்டுகள் பதிக்கப்பட்டன. பலா, முதிரை, தென்னை, கலுமெதிரிய எனத் தீவின் மரங்கள் யாவும் அருகருகே இருந்தன. கைத்திறனுக்காக அம்மேசைகளை விரும்புவோர் பலர். எனக்கோ அவை காட்டின் பெயரேடாகவே தோன்றுகின்றன.

1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராசக் காட்டிலேயே மரம் வெட்டப்பட்டு, எதிர்ப்பின் பின்னர் நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. கலுமெதிரிய இன்று எஞ்சியிருப்பது இத்தகைய ஈரக்காடுகளிலேயே. பழைய அலுமாரியொன்றின் ஏடு பெயர்ந்தால், அதனைச் செப்பனிடும் தச்சன் புதுமரம் தேடிக் காட்டுக்குச் செல்வதில்லை. உடைந்துபோன இன்னொரு பழம்பெட்டியின் பலகையையே நாடுகின்றான்.