டாக்டர்கள் சங்கம் வேறு, மருத்துவ கவுன்சில் வேறு

நாம் வழக்கமாகப் போகும் கிளினிக்கின் சுவரில் பட்டச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் 'ஐ.எம்.ஏ. உறுப்பினர்' என்று ஒரு சட்டம் போட்ட அட்டை தொங்குவதைப் பார்த்திருப்போம். அரசாங்கம் கொடுத்த அங்கீகாரம் அது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். சிகிச்சையில் ஏதாவது தவறு நடந்துவிட்டால், "ஐ.எம்.ஏ.வில் புகார் கொடுங்கள்" என்று சொல்லிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல. இந்தக் குழப்பத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் காலத்தை இழந்துவிடும் குடும்பங்களும் இருக்கின்றன.

ஐ.எம்.ஏ. என்பது இந்திய மருத்துவச் சங்கம். அலோபதி மருத்துவர்கள் தாமாக விரும்பிச் சேரும் அமைப்பு. சந்தா கட்டியவர் உறுப்பினர், கட்டாதவர் உறுப்பினர் அல்ல, அவ்வளவுதான். உறுப்பினராக இல்லாத மிகச் சிறந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் மருத்துவம் பார்க்க உரிமம் தருவதும், அதைப் பறிப்பதும் இந்தச் சங்கத்தின் வேலை அல்ல. அது மருத்துவ கவுன்சிலின் வேலை. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழியாக வந்த தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்தான் நம் மாநிலத்தில் அந்த அதிகாரம் உள்ள அமைப்பு. அகில இந்திய அளவில், பழைய இந்திய மருத்துவ கவுன்சிலுக்குப் பதிலாக 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம் இயங்குகிறது. மருந்துச் சீட்டில் டாக்டர் பெயருக்குக் கீழே இருக்கும் பதிவு எண் கவுன்சில் கொடுத்தது. நாம் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அப்படியானால் சங்கம் எதற்கு?

அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். வெள்ளையர் ஆட்சியில் இங்கிருந்த மருத்துவர்களுக்கு பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கிளைகள்தான் இருந்தன. நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் 1928ல் கல்கத்தாவில் நடந்த மருத்துவ மாநாட்டில் இந்தச் சங்கம் உருவானது. டாக்டர் பி.சி. ராய், சர் நீலரத்தன் சர்க்கார் ஆகியோருடன் முன்னோடிகளாகச் சொல்லப்படுபவர்களில் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரியும் ஒருவர். பால்கன் போரில் காயம்பட்ட துருக்கியருக்குச் சிகிச்சையளிக்க 1912ல் இங்கிருந்து மருத்துவக் குழுவை அழைத்துச் சென்றவர் அவர். ஜாமிஆ மில்லியாவை நிறுவியவர்களில் ஒருவர். 1927ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அரசியல் தலைவராக மட்டுமே நம் பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு குறைதான்.

மருத்துவர்களுக்குத் தொடர்ந்து பாடம் புகட்டுவது, மருத்துவ இதழ் நடத்துவது, உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவுவது, அரசிடம் பேசுவது ஆகியவை சங்கத்தின் அன்றாட வேலைகள். கேரளக் கிளை இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவமனைக் கழிவுகளை அழிக்கும் பொது நிலையத்தையே பாலக்காட்டில் நடத்துகிறது.

சங்கத்தின் பலம் வெளிப்பட்ட நாட்களில் ஒன்றை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கூட்டம் கல்லெறிந்தது. உடன் வந்தவர்கள் அடிபட்டார்கள். ஜனாஸாவின் கண்ணியத்தைப் பேணும் நமக்கு அந்தச் செய்தி எப்படி வலித்தது என்று சொல்லத் தேவையில்லை. சங்கம் நாடு தழுவிய போராட்டத்தை அறிவித்தது. ஏப்ரல் 22 அன்றே மத்திய அரசு, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சங்கமும் போராட்டத்தைக் கைவிட்டது. தனி மருத்துவர் ஒருவர் மனு எழுதியிருந்தால் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்திருக்காது.

ஆனால் சங்கம் எப்போதும் நோயாளியின் பக்கமே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது இதே சங்கம்தான். 1995ல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கட்டணம் பெற்றுத் தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டுமே விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கி, ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையாக இருந்தால், அந்த ஏழைக்கும் வழக்குப் போடும் உரிமை உண்டு. இன்று நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிவது சங்கம் தோற்ற அந்த வழக்கால்தான்.

பெயருக்கு இழுக்கு வந்த நேரங்களும் உண்டு. 2008ல் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பழச்சாறுக்கும் ஓட்ஸுக்கும் சங்கத்தின் முத்திரையைக் கொடுத்தது பெரும் சர்ச்சையானது. மருத்துவ கவுன்சிலே அதை ஒழுக்க விதிகளுக்கு முரணானது என்றது. மறுபக்கம், பதஞ்சலி நிறுவனத்தின் தவறான விளம்பரங்களை எதிர்த்து 2022ல் உச்ச நீதிமன்றம் போனதும் இந்தச் சங்கமே. 2024ல் அந்த நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட நேர்ந்தது. அதே விசாரணையில் நீதிபதிகள், விலை உயர்ந்த மருந்துகளை எழுதும் உங்கள் உறுப்பினர்களையும் கொஞ்சம் பாருங்கள் என்று சங்கத்தையும் விடவில்லை. சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும் லேகியம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரும் நாமும் அந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம்.

இனி புகார் விஷயம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். இழப்பீடு தராது. பணமாக நிவாரணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம்தான், அதற்கு 2 ஆண்டு கெடு உண்டு. கவுன்சிலின் முடிவை எதிர்த்துத் தேசிய ஆணையத்தில் முறையிடும் உரிமையைச் சட்டம் மருத்துவருக்கு மட்டுமே வெளிப்படையாகத் தந்திருக்கிறது. நோயாளிக்கு அதில் இடம் சொல்லப்படவில்லை. இது மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கே போவதானாலும் கையில் காகிதம் வேண்டும். உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதி. அந்தப் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. மருத்துவமனை வாசலில் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல், கோரிக்கையை எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.